இறங்கச் சொன்னது நான்தான்

1

என் மகளைப் பற்றி ஊரில் பேசப்படுவது உண்மையல்ல. அவளைத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் எட்டு மாதமாகப் பேசித் தீர்த்துவிட்டார்கள். இனி நான் பேசுகிறேன்.

நான் சுமதி. பாகூர் கொம்யூனில், நெல்லும் கரும்பும் வைக்கிற வீட்டில் பிறந்தவள். பதினோரு ஆண்டுகளாக ஓமன் நாட்டில், சோஹார் என்ற கடலோர நகரத்தில் இருக்கிறேன். கணவர் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தவர். இங்கே ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலர். நான் இந்தியப் பள்ளி ஒன்றின் நூலகத்தில் வேலை செய்கிறேன். ஒரே மகள் அபிநயா. பதினாறு நடக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வு இப்போதுதான் முடிந்தது.

சென்ற புதன்கிழமை பள்ளி அலுவலகத்திலிருந்து ஒரு தாளை வாங்கி வந்தேன். டி.சி. விண்ணப்பம். நூலகத்திலிருந்து அலுவலகம் மூன்றாவது கதவுதான். கொடுத்த பெண் என்னோடு தினமும் டீ குடிப்பவர். அவரே, "டீச்சர், நிஜமாத்தான் அனுப்புறீங்களா?" என்று கேட்டார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

பெயர், வகுப்பு, பாஸ்போர்ட் எண், ரெசிடென்ட் கார்டு எண் எல்லாம் வரிசையாக இருந்தன. ஏழாவது கட்டத்தில் 'பள்ளியை விட்டு விலகுவதற்கான காரணம்' என்று போட்டு, கீழே ஒரு விரல் அகலத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

ஊரில் இருக்கும் என் அண்ணன் அந்தக் காரணத்தை எட்டு மாதத்துக்கு முன்பே எழுதிவிட்டார். "அங்க அந்தப் பொண்ணு கெட்டுப் போவுது. இங்க அனுப்பு. மதகடிப்பட்டுல ஆஸ்டலோட நல்ல ஸ்கூலா பாத்து வெச்சிட்டேன். சனி ஞாயிறு நம்ம வூட்டுக்கு வந்துடட்டும். நான் பாத்துக்கறேன்." அண்ணன் கெட்டவரல்ல. அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்தவர். அவர் சொல்லை நான் தட்டியதே இல்லை. அந்தத் தாளை வாங்கி வந்ததும் அந்தப் பழக்கத்தால்தான்.

2

ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊர்ப்பக்கம் வெளிநாடு என்றால் பிரான்ஸ். அங்கே போனவர் வீட்டுக் கல்யாணத்தில் முதல் வரிசை நாற்காலி அவர்களுக்கு. வளைகுடா என்றால், "ஒட்டகம் மேய்க்கறியா?" என்பார்கள். விடுமுறைக்குப் போனால் உறவுகள் கேட்கிற கேள்வியும் மாறாது: "அந்த வெய்யில்ல வூட்டுக்குள்ளயே அடஞ்சி கெடப்பீங்களா?"

அடைந்து கிடப்பதில்லை. இங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளி காலையில் துறைமுகத்துப் பக்கம் மீன் சந்தை. வஞ்சிரத்தை வாங்கி, வெட்டுகிற வங்காளிப் பையனிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் "சோட்டா, சோட்டா" என்பேன், சின்னச் சின்னத் துண்டாக வெட்டு என்று. பதினோரு ஆண்டுகளாக அந்த ஒரு சொல்லோடுதான் மீன் வாங்குகிறேன். அபி பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொள்வாள். அவளுக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு. அரபியும் கொஞ்சம் வரும். தமிழ்தான் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். அண்ணன் போனில் பேசும்போது "ஹான் மாமா, ஹான் மாமா" என்பாள். "இன்னாடி இது, ஆன் ஆன்னுட்டு, ஆமாங்க மாமான்னு சொல்லு" என்று அவர் அதட்டுவார்.

மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு மலைப்பக்கம் கிளம்பிவிடுவோம். ஒரு மணி நேரம் ஓட்டினால் மலையடிவாரக் கிராமங்கள், பேரீச்சந்தோட்டங்கள். அந்தத் தோட்டங்களுக்குள் கல்லால் கட்டிய சின்ன வாய்க்கால்கள் ஓடும். ஃபலஜ் என்பார்கள். முதல்முறை அதைப் பார்த்தபோது காலை விட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. யாருடைய முறை எப்போது, எந்த மடையை எப்போது அடைப்பது என்று அங்கேயும் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதற்குச் சண்டையும் போடுகிறார்கள். இது நம்ம ஆளுங்கதான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பாகூர் ஏரிக்குத் தண்ணீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வரும். பெண்ணையாற்றில் தண்ணீர் வந்து மதகைத் திறந்துவிட்டார்கள் என்று சேதி கிடைத்ததும் அப்பா சைக்கிளை எடுப்பார், நான் பின்னால். காய்ந்து கிடக்கும் வாய்க்காலுக்குள் முதல் தண்ணீர் பாய்ந்து வராது. நடந்து வரும். சருகு, நுரை, ஆட்டுப் புழுக்கை, செத்த பூச்சி எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு, பள்ளம் வந்தால் நின்று நிரப்பிவிட்டு, மறுபடி நடக்கும். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கி, குனிந்து, இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். முதல் தண்ணீரைச் செருப்புக் காலோடு மிதிக்கக் கூடாது. பிறகு நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் அதற்கு முன்னால் பின்புறமாக நடந்து, "வா, வா" என்று அழைத்துக்கொண்டே ஊர் எல்லை வரைக்கும் கூட்டி வருவோம்.

இங்கே அரசு அலுவலகங்களில் என் பாஸ்போர்ட்டின் கடைசிப் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். "கோவிந்தன்! கோவிந்தன்!" அது அப்பாவின் பெயர். கூட்டத்தில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். ஒரு நிமிடம் நானும் சுற்றிப் பார்ப்பேன், அவர் வருகிறாரா என்று. பிறகு எழுந்து போய் விரல் ரேகை வைப்பேன்.

3

சென்ற ஆகஸ்ட். கணவரின் தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை நடந்ததால் அந்த ஆண்டு எங்களுக்கு ஊர்ப் பயணம் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை வழக்கமாகப் போகும் மலைக் கிராமத்துக்குப் போனோம். ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. அந்த மக்கள் எங்களிடம் நல்லபடி நடந்துகொண்டவர்கள். அவர்கள் ஊருக்கு என்னால் கெட்ட பெயர் வேண்டாம்.

தோட்டத்தை ஒட்டி ஒரு வறண்ட ஆறு. வாதி என்று சொல்வார்கள். முழுக்கக் கூழாங்கல், நடுவே ஆள் உயரப் பாறைகள். என் கணவர் வேலையிடத்தில் எப்படியோ, விடுமுறையிலும் அப்படியே. வண்டியை மேட்டில்தான் நிறுத்துவார். போனில் வானிலை பார்த்தார். தலைக்கு மேலே வானம் துடைத்துவைத்தது போலிருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் மேகம் நின்றது எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. கரையில் மரத்தடியில் பாய் விரித்துப் புளிச்சோறும் வறுத்த மீனும் சாப்பிட்டோம். மூன்று மணி இருக்கும். பிளாஸ்கை வண்டியிலேயே விட்டுவிட்டோம் என்று அவர் எடுக்கப் போனார்.

அப்போதுதான் அது வந்தது. கூழாங்கல்லுக்கு நடுவில், ஒரு முழ அகலத்துக்கு, பழுப்பு நிறத்தில். முன்னால் நுரை, பேரீச்ச ஓலைத் துணுக்கு, ஆட்டுப் புழுக்கை. நடந்து வந்தது. பள்ளத்தில் நின்றது, நிரப்பியது, மறுபடி நடந்தது.

இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அதைப் பார்க்கிறேன். என் உடம்பு என்னைக் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினேன்.

"அபி! ஓடி வாடி! புதுத் தண்ணிடி!"

அவள் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு பாயில் படுத்திருந்தாள். "என்னம்மா? மட் வாட்டர்மா அது."

"வந்து பாருடி! போன எடுத்துக்கினு வா. மாமாவுக்கு அனுப்பலாம். ஏய், ஷூவோட வராத, கழட்டிட்டு எறங்கு!"

முனகிக்கொண்டே ஷூவைக் கழற்றினாள். இறங்கினாள். நான் குனிந்து தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இன்னும் உள்ளே போ, தண்ணீரின் முகம் தெரிகிற மாதிரி எடு என்று அவளிடம் சொல்லிவிட்டு, நான் கரையோரமாக வந்து நின்றேன், படத்தில் நானும் தெரிய வேண்டும் என்று.

தோட்டத்தில் ஒரு பேரீச்ச மரத்தின் உச்சியில் ஜமால் குலை வெட்டிக்கொண்டிருந்தான். பங்களாதேஷ்காரன், அந்தத் தோட்டத்துத் தொழிலாளி. மரத்தின் மேல் இருந்ததால் வளைவுக்கு அப்பால் வருவது அவனுக்குத் தெரிந்தது. "ஊப்பர்! ஊப்பர் ஜாவ்! பானி!" என்று அலறினான். எனக்கு அந்த இந்தி புரிந்தது: மேலே போங்கள், தண்ணீர். தண்ணீர் வருகிறது என்கிறான், அதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தேன். அவனுக்குக் கை காட்டினேன். சிரித்துக்கொண்டு கை காட்டினேன்.

பிறகு சத்தம் வந்தது. லாரியில் ஜல்லி கொட்டுகிற சத்தம், நிற்காமல்.

நான் இரண்டு எட்டில் கரை ஏறிவிட்டேன். அபி பத்து எட்டு உள்ளே இருந்தாள், வெறுங்காலில், கூழாங்கல் மேல். ஓட முடியவில்லை. முழங்கால் வரை வந்தது. இடுப்பு வரை வந்தது. பாறை ஒன்றைக் கட்டிக்கொண்டாள். ஒரு கை பாறையில், ஒரு கை மேலே. அந்தக் கையில் போன்.

ஜமால் மரம் ஏறுகிற கயிற்றோடு ஓடி வந்தான். பிளாஸ்கை எறிந்துவிட்டு என் கணவர் வந்தார். கயிற்றை மரத்தில் கட்டி, ஜமால் இடுப்பில் கட்டி, அவன் போனான். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அவளைக் கரையில் போட்டபோது இடது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரிந்தது.

  

4

ஓடுகிற வாதியில் இறங்குவது இந்த நாட்டில் குற்றம். மருத்துவமனைக்குப் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். என் மகள் வயதில் அவருக்கும் ஒரு மகள் இருந்திருக்கலாம். முகம் அப்படி இருந்தது. எப்படி உள்ளே போனாள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள், வாதிக் கரையிலிருந்து எங்களோடு மருத்துவமனைக்கு வந்திருந்தவர்களில் யாரோ, "செல்ஃபி, சார், செல்ஃபி" என்றார்கள். போலீஸ்காரர் பெருமூச்சு விட்டுத் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். கணவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அபி படுக்கையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களை எச்சரித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார்.

எதிர்க்கரையில் நின்ற யாரோ படம் எடுத்திருந்தார்கள். அது அபி பாறையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்தான் தொடங்கும். கையில் போன். மறுநாளே அந்தப் படம் பாகூருக்குப் போய்விட்டது. யாரோ அதற்குப் பின்னணி இசையெல்லாம் போட்டு, 'செல்ஃபி மோகத்தால் வந்த வினை' என்று தலைப்பு வைத்து ஏற்றினார்கள். குடும்பக் குழுவில் வரிசையாக வந்தது: "உயிர விட போனு பெருசா?" "வளத்த லட்சணம்." "இதுக்குத்தான் வெளிநாடா?" என் சின்ன மாமியார் கைகூப்பும் படங்கள் நாற்பது அனுப்பினார்.

அண்ணன் போன் செய்தார். "புள்ள எப்டி கீது?"

"தையல் போட்டிருக்குண்ணா. நல்லாயிருக்கா."

"அந்தப் போன மொதல்ல ஒடச்சிப் போடு. இன்னா பொண்ணு வளத்திருக்க நீ? தண்ணி வரும்போது போட்டோ புடிக்குதாம் போட்டோ. தண்ணி எப்பிடி வரும்னு பாகூர்ல பொறந்த நீ அதுக்கு சொல்லித்தர மாட்டியா?"

சொல்லித்தந்தேன், அண்ணா. அதுதான் நடந்தது. இந்த வரி என் நாக்கு நுனி வரை வந்தது. முழுங்கினேன். "ம்" என்றேன். அந்த ஒரு 'ம்'தான் எட்டு மாதம் ஓடியது.

அபி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பள்ளியில் அவளை 'செல்ஃபி குயின்' என்றார்கள். வீட்டில் கேட்டதற்குப் பதில் சொல்வாள். தானாக ஒன்றும் பேச மாட்டாள். காலில் தழும்பு நீளமாக இருந்தது. அவள் அரைப் பேன்ட் போட்டு நடந்தால் நான் அடுப்பங்கரைக்குப் போய்விடுவேன். வெள்ளிக்கிழமைப் பயணங்களை நிறுத்திவிட்டேன். மால், வீடு, மால். ஏ.சி.யில் உட்கார்ந்து நாங்கள் மூவரும் மூன்று போனைப் பார்த்தோம். வளைகுடா வாழ்க்கை இப்படித்தான் என்று ஊரில் சொல்வார்களே, அப்படியே ஆனோம்.

தேர்வு நெருங்கியபோது அண்ணன் சொன்ன பள்ளியைப் பற்றி அவளிடம் சொன்னேன். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். "ஓகேமா, போறேன்" என்றாள். அவ்வளவுதான். அந்த 'ஓகே' என்னை அறுத்தது. விட்டுப் போவதற்கு இவ்வளவு அவசரமா, அவ்வளவுக்கா விலகிவிட்டாள் என்று எனக்கு நானே அவள் மேல் ஒரு குறையும் கட்டிக்கொண்டேன். குற்றம் செய்தவருக்கு அடுத்தவர் மேல் குறை காண எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

5

வியாழக்கிழமை மாலை. டி.சி. தாளில் அவளுடைய ரெசிடென்ட் கார்டு எண்ணை நிரப்ப வேண்டும். கார்டு என் கணவரின் பையில் இருந்தது, அவர் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை.

"உன் போன்ல போட்டோ இருக்குமே?"

"இருக்கும். நீயே தேடிக்கோ." போனைத் திறந்து கொடுத்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

படங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். தோழிகள், பூனை, பாடப்புத்தகப் பக்கங்கள். ஆகஸ்ட் வந்தது. பழுப்பு நிறத்தில் ஒரு சதுரம். ஐம்பத்திரண்டு நொடி.

தொட்டுவிட்டேன்.

தண்ணீர். சருகு. பிறகு என் குரல், ஹால் முழுக்க. "இன்னும் உள்ள போடி. பயப்படாத, ஒண்ணும் பண்ணாது. தண்ணியோட மூஞ்சி தெரியற மாரி எடு. நாங்கல்லாம் இதுக்கு முன்னாடியே நடப்போம். மாமா பாத்தார்னா அசந்துடுவார்…" நடுவே தூரத்தில் ஜமாலின் அலறல். நான் சிரிக்கிறேன். கரையில் நின்று கை காட்டுகிறேன். என் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அப்புறம் படம் வானத்தைக் காட்டியது, கல்லைக் காட்டியது, சத்தம் மட்டும் கேட்டது.

அபி மடித்த துணியோடு வாசலில் நின்றாள். "அதை ஏன் ஓப்பன் பண்ண?"

"இது உங்கிட்ட இருந்துச்சா? இத்தனை நாளா?"

"டெலீட் பண்ணலாம்னு நெனச்சேன். உன் மூஞ்சி நல்லா இருந்துச்சு, அதான் வெச்சிட்டேன்."

"ஒரு தடவ குரூப்ல போட்டிருந்தா உன்ன ஒருத்தரும் பேசியிருக்க மாட்டாங்களேடி."

"உன்னப் பேசியிருப்பாங்க." துணியைச் சோபாவில் வைத்தாள். "என்ன எப்படியும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. தமிழ் தெரியாது, போன் வெச்சிக்கிட்டே இருப்பா, திமிரு. உன்ன அப்படி நெனைக்கல. ரெண்டு பேரும் எதுக்குத் திட்டு வாங்கணும்? ஒருத்தர் போதும்ல."

பதினாறு வயதுப் பெண். நான் நாற்பத்தாறு.

"அதுக்காகவா ஊருக்குப் போறேன்னு சொன்ன?"

"இல்ல." தழும்பைக் கையால் மூடிக்கொண்டாள். "நீ இதைப் பாக்கும்போதெல்லாம் கிச்சனுக்கு ஓடுற. நான் இங்க இருந்தா உனக்கு அது ஞாபகம் வந்துக்கிட்டே இருக்குல்ல? நான் போனா நீ பழையபடி ஆயிடுவன்னு நெனச்சேன்."

நான் அழுதேன் என்று எழுதினால் அது ஒரு வரிதான். எழுதவில்லை. உனக்கா போகணும்னு இருக்கா என்று கேட்டதற்கு, "இல்லம்மா, இங்கதான் இருக்கேன்" என்றாள்.

கணவர் வந்ததும் படத்தைக் காட்டினேன். நின்றபடியே முழுவதும் பார்த்தார். "எனக்குத் தெரியும்" என்றார். "வண்டிகிட்ட இருந்தே நீ கூப்பிட்டது கேட்டுச்சு. நானும் வாயத் தொறக்கல. சேஃப்டி ஆபீசர் குடும்பம்னு ஏற்கெனவே பிளான்ட்ல சிரிக்கிறானுங்க. பொண்டாட்டியே எறக்கிவிட்டான்னு சொல்லணுமான்னு…"

"குரூப்ல போடப் போறேன்."

"யோசிச்சிக்க, சுமதி. உங்க அண்ணன் இருக்காரு, எங்க வீட்டு ஆளுங்க இருக்காங்க."

"யோசிச்சித்தான எட்டு மாசம் போச்சு."

"வேணாம்மா" என்றாள் அபி. "சாவடிச்சிடுவாங்க உன்ன."

"அடிக்கட்டும். நான் ஓமன்ல இருக்கேன், கை எட்டாது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. அந்தச் சிரிப்பின் பலத்தில் அனுப்பினேன். கீழே எழுதினேன்: 'அபி செல்ஃபி எடுக்கப் போகவில்லை. கரையில் படுத்திருந்தவளை நான்தான் கூப்பிட்டு இறக்கினேன். ஷூவைக் கழற்றச் சொன்னதும் நான்தான். இனி அவளைப் பேசுகிறவர்கள் என்னைப் பேசவும்.'

6

குழுவில் அரை மணி நேரம் ஒருவரும் மூச்சு விடவில்லை. எப்போதும் கைகூப்பும் சின்ன மாமியார்கூட. பிறகு அண்ணனின் போன். ஸ்பீக்கரில் போட்டேன், மூவரும் கேட்கட்டும் என்று.

"நீயா எறக்கிவுட்ட?"

"ஆமாண்ணா."

"நம்ம வாய்க்கான்னு நெனச்சிக்கினியா?"

"ஆமாண்ணா."

 அந்தப் பக்கம் மோட்டார் கொட்டகையின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தொடங்கினார். என் அறிவு, என் படிப்பு, நான் தின்ற சோறு, எதையும் விடவில்லை. "மலைத் தண்ணிக்கும் வாய்க்கா தண்ணிக்கும் வித்தியாசம் தெரியாதவளா நீ? இன்னாத்துக்கு உன்ன படிக்க வெச்சேன்? அந்தப் பொண்ணு போயிருந்தா இன்னா சொல்லியிருப்ப? அப்பவும் செல்ஃபின்னு சொல்லியிருப்பியா?"

அந்தக் கேள்வியை அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன்.  அது என்னிடமே இருக்கட்டும்.

திட்டி முடித்துவிட்டு, "புள்ளயாண்ட குடு" என்றார். ஸ்பீக்கரை அணைத்து அபியிடம் கொடுத்தேன். அவர் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. அவள் பேசியது கேட்டது. "பரவால்ல மாமா… இல்ல மாமா, இப்ப வலிக்கல… அழாதீங்க மாமா, ப்ளீஸ்… ஹான்… ஆமாங்க மாமா."

போன் என்னிடம் வந்ததும் அவர் குரல் பழையபடி ஆகிவிட்டது. "சரி, போனது போச்சி. ஆனா ஸ்கூலுக்கு அட்வான்ஸா சொல்லி வெச்சிட்டேன். அனுப்பிடு. அங்க ஒண்ணும் வேணாம், மலை, காடு, தண்ணின்னு சுத்தறதும் வேணாம்."

"அனுப்ப மாட்டேண்ணா."

"இன்னாது?"

"நான் செஞ்ச தப்புக்கு அவ ஆஸ்டலுக்குப் போக மாட்டா. போகணும்னு அவளுக்கா தோணினா நானே கூட்டிக்கினு வரேன். அவ இங்கதான் இருக்கேன்னு சொல்றா. இங்கதான் படிப்பா. மலைக்கும் போவோம்."

"மறுபடியுமா? புத்தி வருமா உனக்கு?"

"வந்துடுச்சிண்ணா. அதனாலதான் போறோம்."

வைத்துவிட்டார். பிறந்ததிலிருந்து அவர் பேச்சை நான் மறுத்தது அது ஒருமுறை.  மறுத்ததை ஒரு சொல்லும் மாற்றவில்லை, இங்கேயும் மாற்றவில்லை.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் விலகிப் போய்விட்டார்கள், தமிழ் போய்விட்டது, பாசம் போய்விட்டது என்று வெளிநாட்டில் இருக்கும் நாங்கள் அதிகம் எழுதுகிறோம். நானும் புலம்பியிருக்கிறேன். என் மகளுக்குத் தமிழ் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் எட்டு மாதம் தாயின் பெயரை வாயில் போட்டு மூடி வைத்திருந்தவள் அவள். விலகிப் போனது நான்தான், அடுப்பங்கரைக்கு.

டி.சி. தாளைப் பள்ளி அலுவலகத்தில் திருப்பிக் கொடுக்கப்போகிறேன். ஏழாவது கட்டம் காலியாகவே இருக்கிறது.

7

மறுநாள் வெள்ளிக்கிழமை. அதே கிராமத்துக்குப் போனோம்.

கணவர் வண்டியை மேட்டில் நிறுத்தினார். வானிலையை இரண்டு இடத்தில் பார்த்தார். போதாதென்று ஃபலஜ் ஓரம் உட்கார்ந்திருந்த ஊர்க்காரர் ஒருவரிடம் மலைக்கு அந்தப் பக்கத்தைக் கேட்டார். ஒரு வாரமாகத் தூறல்கூட இல்லை என்றார் அவர். என் கணவர் கழுத்தில் தொழிற்சாலை விசிலை மாட்டிக்கொண்டு கரையில் நின்றார். பார்க்கச் சிரிப்பாக இருந்தது, நான் சிரிக்கவில்லை.

பேரீச்சைக்கு மகரந்தம் கட்டுகிற காலம் இது. ஜமால் மரத்தின் மேல்தான் இருந்தான். எங்களைப் பார்த்துக் கத்தினான். எங்கள் வீட்டு மீன் வறுவல் டப்பாவைக் கீழிருந்து தூக்கிக் காட்டினேன். "சோட்டா, சோட்டா!" என்றான். மீன் சந்தையில் நான் பேசுகிற இந்தியை அபிதான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள், கட்டுப் பிரிக்கப் போன நாளில் அவளைப் பார்க்க அவன் மருத்துவமனைக்கு வந்திருந்தபோது. அவன் மாதா மாதம் அவளிடம் போனில் காலைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தான் என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வாதி எலும்பு போலக் காய்ந்து கிடந்தது. நான் கரையிலேயே நின்றேன்.  அபி என்னிடம் கேட்கவில்லை. நேராக இறங்கிப் போனாள், நொண்டாமல். அந்தப் பாறையின் மேல் ஏறி உட்கார்ந்து, தழும்புள்ள காலைத் தொங்கவிட்டாள். ஜமால் மரத்திலிருந்து மேற்கே வளைவைப் பார்த்தான். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

பழக்கம் விடவில்லை. என் கை தானாகக் காலடிக்குப் போனது.

"அம்மா!" பாறையிலிருந்து அதட்டினாள் என் மகள். "செருப்பக் கழட்டாத! போட்டுக்கிட்டே வா!"

போட்டுக்கொண்டே இறங்கினேன்.